மலையில் கொதிக்கும் நீர்

நுழையும்முன்

இயற்பியல் விதிகள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் செயற்படுவன அல்ல. அடுப்படியிலும் பட்டறையிலும் மலைப்பாதையிலும் அவை நாள்தோறும் செயற்படுகின்றன. மின்னணுக் கருவிகள் இல்லாத காலத்துக் கார்களை நீலகிரி மலைமீது ஏற்றிச் சென்ற ஓட்டுநர்கள், அவ்விதிகளைப் பட்டறிவால் கற்றவர்கள். அவர்களுள் ஒருவருடைய ஒருநாள் பயணத்தின் வழியாக, உயரம் எந்திரத்தின் வெப்பத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சமவெளியிலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தார், அடுப்படியில் ஒரு விந்தையைக் காண்பர். பாத்திரத்தில் நீர் தளதளவெனக் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் இட்ட பருப்போ நெடுநேரமாகியும் வேகாது. அடுப்பின் குறையென்றும் பருப்பின் குறையென்றும் முதலில் எண்ணுவர். குறை இரண்டிலும் இல்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொதிக்கும் நீர், 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்திருந்தாலும் அதன் வெப்பநிலை அதற்குமேல் உயர்வதில்லை. ஆகவே பருப்பு வேகும் நேரம் நீள்கிறது.

இதற்குக் காரணம் வளிமண்டல அழுத்தமாகும். நீரின் மேற்பரப்பைக் காற்று தன் எடையால் அழுத்திக்கொண்டேயிருக்கிறது. அவ்வழுத்தத்தை வென்று நீருக்குள்ளிருந்து ஆவிக் குமிழிகள் எழும் வெப்பநிலையே கொதிநிலை. உயரே செல்லச் செல்லத் தலைக்குமேல் இருக்கும் காற்றின் அளவு குறைகிறது, அழுத்தம் தளர்கிறது, நீர் எளிதில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை தாழ்கிறது.

அடுப்படியில் இவ்விதி உணவைத் தாமதப்படுத்துவதோடு நின்றுவிடும். மலையேறும் பழைய காரின் எந்திரத்தில் இதே விதி செயற்படும்போது பயணமே தடைப்படும். சில வேளைகளில் எந்திரமும் பாழாகும்.

எந்திரமும் நீரும்

பழைய பெட்ரோல் எந்திரம், தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வண்டியை நகர்த்தும் ஆற்றலாக மாற்றவல்லது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எந்திரத்தின் உலோகச் சுவர்களில் வெப்பமாக இறங்குகிறது. மற்றவை பெரும்பாலும் புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றன. உலோகத்தில் இறங்கிய வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் பிஸ்டன் விரிவடைந்து சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். எந்திரத்தின் தலைப்பகுதி கோணிப்போகும்.

அவ்வெப்பத்தை அகற்றும் பணி நீரினுடையது. சிலிண்டர்களைச் சூழ்ந்துள்ள அறைகளில் ஓடும் நீர், வெப்பத்தை வாங்கிக்கொண்டு வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருங்கி அமைந்துள்ளன. எதிர்வரும் காற்றும் விசிறி இழுக்கும் காற்றும் அவற்றினூடே புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றன. குளிர்ந்த நீர் மீண்டும் எந்திரத்துக்குத் திரும்புகிறது. 1908 முதல் 1927 வரை உருவான ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நீரைச் செலுத்தும் பம்பும் கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயல்பு ஒன்றே அவற்றில் நீரைச் சுழலச் செய்தது. பின்னர் வந்த கார்களில் எந்திரத்தோடு வார் கொண்டு இணைக்கப்பட்ட பம்பும் விசிறியும் இடம்பெற்றன. இவ்வமைப்பைக் கொண்டவற்றுள் நம் நாட்டவர் நன்கறிந்தது அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை அது உருவாக்கப்பட்டது.

சமவெளிச் சாலையில் இவ்வமைப்பு குறையின்றிச் செயற்பட்டது. மலைப்பாதையிலோ நிலைமை வேறு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து உதகைக்குச் செல்லும் கார், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1900 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். ஐவரையும் அவர்தம் பெட்டிகளையும் சுமந்த அம்பாசிடரின் மொத்த நிறையை 1500 கிலோகிராம் எனக் கொள்வோம். அதனை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். எரிபொருளிலிருந்து இதைப்போல் நான்கு மடங்கு எடுத்தால்தான் இவ்வாற்றல் கிடைக்கும். அந்த நான்கு மடங்கில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 கோடியே 70 இலட்சம் ஜூல், நீரிடம் வெப்பமாக வந்து சேர்கிறது. 15 லிட்டருக்கும் மேற்பட்ட கொதிநீரை முற்றிலும் ஆவியாக்கிவிடப் போதுமான வெப்பம் அது. அக்காரின் ரேடியேட்டரும் எந்திரமும் சேர்ந்து கொள்ளும் நீரோ பத்து லிட்டருக்கும் குறைவு. எனவே வெப்பத்தை வழியெல்லாம் காற்றிடம் ஒப்படைத்துக்கொண்டே செல்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பட்டறிவே பள்ளி

மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர், இக்கணக்கை ஒருபோதும் எழுதிப் பார்த்தவரல்லர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதினாறு வயதில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தவர் அவர். அவருடைய வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்து ஆறிய தழும்பு ஒன்று இருந்தது. லாரியில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், சூடேறி நின்ற எந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்ததால் வந்தது அது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண்கள் தப்பின. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டினார். சூடான மூடியின் அருகே எவரையும் அவர் நெருங்கவிட்டதில்லை.

அவருடைய காரின் பின்பகுதியில் ஒரு தகரக் குவளையும், நீர் நிரம்பிய பெரிய கேனும், இரண்டு சாக்குத் துணிகளும், சக்கரத்துக்கு அண்டைகொடுக்க ஒரு மரக்கட்டையும் எப்போதும் இருக்கும். மலையேறும் நாள்களில் விடியற்காலையில் முதலில் ரேடியேட்டரின் நீர்மட்டத்தைப் பார்ப்பார். பிறகு விசிறி வாரை விரலால் அழுத்தி அதன் இறுக்கத்தைச் சோதிப்பார். மூடியின் உட்புறத்து ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்ப்பார். உப்பு மிகுந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்ற மாட்டார். அது குழாய்களின் உட்புறத்தில் காரையாகப் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும் என்பதை அவர் அறிவார்.

1970களின் பிற்பகுதியில் ஒருநாள், ஒரு தந்தையும் மகளும் அவருடைய காரை அமர்த்திக்கொண்டு உதகைக்குப் புறப்பட்டனர். ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்கான நேர்முகத்துக்கு அம்மகள் பத்தரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அக்குடும்பத்தில் பள்ளியிறுதியைத் தாண்டிப் படிக்கப் புறப்பட்ட முதல் பெண் அவர். ஆறரை மணிக்கே கிளம்ப வேண்டும் என்று ஓட்டுநர் முதல்நாள் கூறியபோது, இவ்வளவு முன்னதாக எதற்கு என்று தந்தை எண்ணினார். ஆயினும் மறுக்கவில்லை.

கல்லாற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. பர்லியாற்றுக்கு மேலே சில வளைவுகள் ஏறியபின், முன்னே ஊர்ந்த ஒரு சரக்கு லாரியின் பின்னால் நெடுந்தொலைவு மெதுவாகச் செல்ல நேர்ந்தது. வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கியது. முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டுநர் அதனை உணர்ந்துவிட்டார். காலடித் தகட்டின் வழியே வந்த சூடும் எந்திரத்தின் ஒலியில் நேர்ந்த மாற்றமும் அவருக்கு அதைச் சொல்லின. சாலை அகன்றிருந்த ஓரிடத்தில், காற்று முகப்பில் வந்து மோதுமாறு காரை நிறுத்தினார். பின்சக்கரத்துக்கு மரக்கட்டையை அண்டைகொடுத்துவிட்டு முன்மூடியைத் திறந்துவைத்தார். எந்திரத்தை உடனே அணைக்கவில்லை. சுமையில்லாமல் இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடவிட்டார். உடனே அணைத்தால் பம்பும் விசிறியும் நின்றுபோகும். உலோகத்தில் தேங்கிய வெப்பம் முழுவதும் அசையாத நீரில் இறங்கி அதனைக் கொதிக்கச் செய்துவிடும். முள் சற்று இறங்கிய பிறகே அணைத்தார்.

தந்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் தண்ணிய ஊத்திட்டுக் கெளம்பிடலாமுங்களே? புள்ளைக்குப் பத்தரைக்கு நேர்முகமுங்க."

"இப்ப மூடியத் தொறந்தா மூஞ்சியில அடிச்சிருமுங்க. பச்சத் தண்ணிய ஊத்துனா இஞ்சின் விரிசல் உட்டுரும். அரை மணி நேரம் பொறுங்க. இந்த நிப்பையும் கணக்குப் பண்ணித்தான் ஆறரைக்கே கெளம்பச் சொன்னேனுங்க."

மகள் சாலையோரத்தில் நின்றவாறு கேட்டார்: "மேல போகப்போகக் குளுருதுங்களே. அப்புறம் எதுக்குங்க இஞ்சின் சூடாகுது?"

"குளுரு நமக்குத்தான் கண்ணு. வண்டிக்கு அங்கயும் மேடுதான்."

அரை மணி நேரம் கழிந்தது. ஓட்டுநர் சாக்குத் துணியை நான்காக மடித்து மூடியின்மேல் போர்த்தினார். தாம் ஒருபுறமாக விலகி நின்று, மூடியை முதற்படிவரை மட்டும் திருப்பினார். உஸ்ஸென்று ஆவி வெளியேறி ஓய்ந்தது. அதன்பின்னரே மூடியைக் கழற்றி, எந்திரத்தை மெல்ல ஓடவிட்டுச் சிறிது சிறிதாக நீரை ஊற்றினார். பத்து மணிக்குச் சற்று முன்னரே அவர்கள் உதகையை அடைந்தனர்.

குளிரும் அடர்த்தியும்

மலைமீது காற்று குளிர்ந்திருக்கும்போது எந்திரம் ஏன் எளிதில் குளிர்வதில்லை என்னும் அம்மகளின் வினா, சிந்தனைக்குரியது.

உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை, பொதுவாக 1000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் குறைகிறது. மேட்டுப்பாளையத்தைவிட உதகை 12 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருப்பது இதனால்தான். குளிர்ந்த காற்று ரேடியேட்டருக்கு நன்மையே செய்கிறது. ஆனால், அதே உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட, உதகையில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் ரேடியேட்டரின் வழியே செல்லும் காற்றின் நிறை குறைவதால், அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. குளிர் தரும் நன்மையின் பெரும்பகுதியை அடர்த்தியின் குறைவு இவ்வாறு பறித்துக்கொள்கிறது.

எந்திரத்தின் வலிமையும் காற்றின் அடர்த்தியைச் சார்ந்தது. உறிஞ்சும் காற்று மெலிந்திருந்தால் எரியும் எரிபொருளும் குறையும். உதகையின் உயரத்தில் பழைய எந்திரம் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அதே ஏற்றத்தை ஏற, முடுக்கியை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியுள்ளது. வண்டியோ மெதுவாகவே செல்கிறது. வேகம் குறையவே, எதிர்க்காற்றின் உதவியும் குறைகிறது. எனவேதான் தேர்ந்த ஓட்டுநர்கள் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் எந்திரத்தைத் திணறவிடாமல் இரண்டாம் கியருக்கு மாறினர். தாழ்ந்த கியரில் எந்திரம் விரைந்து சுழலும். அதனோடு இணைந்த விசிறியும் பம்பும் விரைந்து சுழலும்.

எல்லாவற்றினும் மேலானது கொதிநிலையின் தாழ்வு. ஏற்றத்தில் எந்திரத்து நீரின் வெப்பநிலை 85 டிகிரியாக இருப்பதாகக் கொள்வோம். அழுத்தம் தாங்கும் மூடியில்லாத காரில், மேட்டுப்பாளையத்தில் அந்நீர் கொதிப்பதற்கு இன்னும் 14 டிகிரி இடைவெளி உண்டு. உதகையில் அவ்விடைவெளி ஏழெட்டு டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. சமவெளியில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு சூடேற்றம், மலைமீது நீரைப் பொங்கச் செய்துவிடுவது இதனால்தான்.

மூடி செய்யும் காவல்

இக்குறையைப் போக்கவே அழுத்த மூடி உருவானது. அடுப்படியில் குக்கரின் மூடி செய்யும் பணியை ரேடியேட்டரில் இம்மூடி செய்கிறது. அக்காலக் கார்கள் பலவற்றில் இருந்த மூடி, வெளியழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கியது. அதனால் கடல் மட்டத்தில் நீரின் கொதிநிலை 111 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. ஆனால், மூடி தருவது வெளியழுத்தத்தின்மேல் ஒரு கூடுதல் மட்டுமே. மலைமீது வெளியழுத்தம் குறைவதால், அதே மூடி உதகையில் ஏறத்தாழ 106 டிகிரிவரைதான் காக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ வில் தளர்ந்திருந்தாலோ அக்காவலும் இல்லாமற்போகும். அந்த ஓட்டுநர் விடியற்காலையில் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தது வெறும் வழக்கமன்று.

மூடியைத் திறப்பதில் உள்ள ஆபத்தும் இதிலிருந்தே பிறக்கிறது. மூடிய ரேடியேட்டருக்குள் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்த கணத்திலேயே அழுத்தத்தை இழக்கிறது. அதன் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1600 மடங்குக்கும் மேல் பெருகும். அவ்வாவி தன்னோடு கொதிநீரையும் வாரி இறைக்கும். பதினாறு வயதுக் கிளீனரின் கையில் தழும்பை இட்டது அந்த ஒரு நொடியே.

தெரியுமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக் மலையின்மீது 1916ஆம் ஆண்டுமுதல் கார்ப் பந்தயம் நடைபெற்று வருகிறது. அதன் உச்சி 4302 மீட்டர் உயரமுடையது. அங்கே திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறத்தாழ 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

எரிபொருளின் பிணக்கு

உயரம் நீரோடு மட்டும் விளையாடுவதில்லை. பெட்ரோலும் ஒரு நீர்மமே; அழுத்தம் குறைந்தால் அதுவும் எளிதில் ஆவியாகும். சூடான எந்திரத்தின் அருகே செல்லும் எரிபொருள் குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், நீர்மத்தைத் தள்ளுவதற்காக அமைந்த பம்பு ஆவியைத் தள்ள இயலாமல் தவிக்கும். கார் வளைவின் நடுவே நின்றுவிடும். அந்த ஓட்டுநரின் காரிலிருந்த இரண்டாவது சாக்குத் துணி இதற்கெனவே வைக்கப்பட்டது. அதனை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவார். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும், பம்பு குளிரும், சற்று நேரத்தில் கார் உயிர்பெறும்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் மலை ஒரு சோதனையே. சமவெளிக்கெனச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், மெலிந்த காற்றில் தேவைக்கு மிகுதியான பெட்ரோலைத் தரும், கரும்புகை எழும். இதனால் மலையூர்களில் கார் வைத்திருந்தோர் பெட்ரோலின் அளவைக் குறைத்து அமைத்துக்கொண்டனர். அவ்வாறு அமைத்த கார் கோயம்புத்தூருக்கு இறங்கியதும் வேறொரு தொல்லை தோன்றும். அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், எந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதைப் பட்டறைத் தொழிலாளர்கள் அறிந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைத் தேர்ந்துகொண்டனர்.

மாறாத விதி

மலைப்பாதையின் அருகிலேயே மற்றொரு வண்டியும் நீருக்காக நின்று நின்று ஏறுகிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை தொடங்கப்பட்ட நீலகிரி மலை இரயிலின் நீராவி எந்திரம், இடையிலுள்ள நிலையங்களில் நீர் நிரப்பிக்கொண்ட பின்னரே மேலே செல்லும். அவ்வெந்திரத்துக்கு நீர் கொதிப்பதே உயிர். காருக்கோ நீர் கொதிக்காமலிருப்பதே உயிர். ஒரே மலையில், ஒரே நீரைக்கொண்டு இயங்கும் இரண்டு எந்திரங்களின் தேவைகள் இவ்வாறு நேரெதிராக அமைந்துள்ளன.

இக்காலக் கார்கள் நிற்காமலே மலையேறுகின்றன. வெப்பநிலையை அறிந்து தானே சுழலும் மின்விசிறி, மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் மூடி, கொதிநிலையை உயர்த்தும் வேதிப்பொருள் கலந்த குளிர்நீர், காற்றின் அடர்த்திக்கு ஏற்ப எரிபொருளை அளந்து தரும் மின்னணுக் கருவி ஆகியவை அவற்றுக்குத் துணைநிற்கின்றன. ஆயினும், உதகையில் திறந்த பாத்திரத்து நீர் இன்றும் 92 அல்லது 93 டிகிரியில்தான் கொதிக்கிறது. விதி மாறவில்லை, அதிலிருந்து காக்கும் ஏற்பாடுகளே வலுப்பெற்றுள்ளன. குழாயில் ஒரு சிறு வெடிப்பு நேர்ந்தால் புதிய காரும் பழைய காரைப்போலவே ஆவி கக்கி நிற்கும். அப்போது மூடியைத் தொடாமல் பொறுத்திருக்கும் அறிவு, அதனை ஓட்டுபவருக்கும் வேண்டும்.

பழைய கார்களைத் தேடி வாங்கிச் சீர்செய்யும் இளைஞர்கள் இன்று பலர் உள்ளனர். உதிரி உறுப்புகளை அவர்கள் எப்படியேனும் தேடிப் பெறுகின்றனர். ஆனால் எந்த வளைவுக்கு முன்னர் கியர் மாற்ற வேண்டும், எத்தகைய ஒலி கேட்டால் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பவை உதிரி உறுப்புகளோடு கிடைப்பன அல்ல. அவை முதிய ஓட்டுநர்களின் காதிலும் கையிலும் காலிலும் தங்கியிருக்கும் அறிவு. அவர்களுள் பெரும்பாலோர் அதனை எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதும்படி அவர்களை எவரும் கேட்டதுமில்லை. அவர்கள் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவர்களை அணுகி, கேட்டு, குறித்து வைப்பது மாணவர்களால் இயலும் பணி. பாடநூலில் கற்ற விதிக்கும் பட்டறிவில் விளைந்த சொல்லுக்கும் உள்ள உறவை, அவ்வாறு கேட்பவரே கண்டுகொள்வர்.